பிசிறு பார்த்த கண்ணுக்குப் புதுத் துறையிலும் வேலை இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 46. டீசல் இன்ஜின்களுக்கான இன்ஜெக்டர் நாசில், அதாவது எரிபொருளைத் தெளிக்கும் முனை, தயாரிக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 23 வருடங்களாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்து இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, இப்போது பிரிவின் பொறுப்பாளர். இரண்டு வருடங்களாக ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. மூன்று ஷிப்ட் இரண்டாகிவிட்டது. விருப்ப ஓய்வுத் திட்டம் வரப்போகிறது என்று பேச்சு. எல்லா வண்டியும் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்தால் நாசிலுக்கே வேலையில்லை. 11 மாத டேட்டா சயின்ஸ் படிப்பு ஒன்று இருக்கிறது, முடித்தால் வேலை உறுதி என்கிறார்கள். கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டும். வீட்டுக் கடன் இன்னும் 7 வருடம் பாக்கி. மகள் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஷிப்ட் குறைந்ததைக்கூட மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. புதுத் துறைக்குப் போனால் மகள் வயதுப் பிள்ளைகளிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. போன வருடம்கூட, வாடிக்கையாளரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த நாசில்களில் பிசிறு, அதாவது உலோக விளிம்பில் எழும் கூரான துருத்தல், எங்கே உருவாகிறது என்று கண்டுபிடித்தேன். பிசிறு எடுக்கும் பிரஷ் தேய்ந்த பிறகும் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் இனி யாருக்கு வேண்டும்? 23 வருடம் கற்றது வீண்தானா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறையும் கடன், மகளின் படிப்பு, விருப்ப ஓய்வு என்று கவலைகள்தான் கண்ணில் பட்டன. மூன்றாவது முறை அந்தப் பிசிறு விஷயத்தில் வந்து நின்றுவிட்டேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்களுக்கான பதில் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் படிப்பு, கடன் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்களை ஒரு பேட்டரி தொழிற்சாலைக்குள் கூட்டிப் போகிறேன்.

மின்சாரக் காரின் பேட்டரிக்குள் நூற்றுக்கணக்கில், சில வண்டிகளில் ஆயிரக்கணக்கில் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பக்கம் தாமிரத் தகடு, இன்னொரு பக்கம் அலுமினியத் தகடு. இரண்டும் பெரிய சுருள்களாகத் தொழிற்சாலைக்கு வரும். தாமிரத் தகட்டின் தடிமன் 10 மைக்ரானை ஒட்டி இருக்கும். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தகட்டின் மேல் கறுப்பாக, மாவு பதத்தில் இருக்கும் கலவையைப் பூசி, உலர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்துவார்கள். பிறகு வட்டக் கத்தியால் நீளவாக்கில் கீறி நாடாவாக்குவார்கள். கத்தி மழுங்கினால் என்ன ஆகும்? விளிம்பில் பிசிறு எழும்.

அந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவே இருப்பது 10 முதல் 20 மைக்ரான் தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் படலம் மட்டும்தான். பிசிறு அதைக் குத்தி மறுபக்கத்தைத் தொட்டால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட். சூடு ஏறும், அந்தச் சூடே அடுத்த வேதிவினையைக் கிளப்பிவிடும், அது இன்னும் சூட்டைக் கூட்டும். ஒரு செல்லில் பிடித்தது பக்கத்துச் செல்லுக்குத் தாவும். நாசில் துளையில் பிசிறு இருந்தால் தெளிப்பு கெட்டு இன்ஜின் புகை கக்கும். இங்கே வண்டியே தீப்பிடிக்கும்.

2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பற்றியது நினைவிருக்கும். சுமார் 30 லட்சம் போன்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, அந்த மாடலையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. பேட்டரி கொடுத்த இரண்டு தயாரிப்பாளர்களில் ஒருவருடைய செல்லில் மூலைப் பகுதியில் தகடு நெளிந்திருந்தது. இன்னொருவருடைய செல்லில் வெல்டிங் செய்த இடத்தில் எழுந்த பிசிறு படலத்தைத் துளைத்திருந்தது. நீங்கள் 23 வருடங்களாக விரட்டிக்கொண்டிருந்த அதே பிசிறு. அதைப் பார்க்கத் தெரிந்த கண் யாருக்கு வேண்டும் என்று கேட்கிறீர்கள்!

நான் சொல்ல வருவது இதைத்தான். புதுத் துறைக்குப் புது ஆளாகப் போகாதீர்கள். பழைய ஆளாகவே போங்கள். புது ஆளாகப் போனால் 22 வயதுப் பட்டதாரியோடு, அவர் நேற்று படித்ததை நீங்களும் நேற்றுதான் படித்தேன் என்று சொல்லிப் போட்டி போட வேண்டும். அந்தப் போட்டியில் வயது உங்களுக்குப் பாரம். பழைய ஆளாகப் போனால், தொழிற்சாலையில் ஒரு பொருள் எப்படிக் கெட்டுப்போகும் என்று 23 வருடம் பார்த்தவராகப் போகிறீர்கள். அங்கே அதே வயதுதான் மூலதனம்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. பேட்டரித் துறையே அப்படித்தான் பிறந்தது. இப்போது மின்சாரக் கார்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரி வகையை 1991இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி. மெல்லிய தகட்டில் கலவையைச் சீராகப் பூசும் கலை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? கேசட் டேப்பிலிருந்து. பிளாஸ்டிக் நாடாவில் காந்தப் பொடியைப் பூசிப் பூசிப் பழகிய கை அது. நாடாவின் காலம் முடிந்துகொண்டிருந்தது, பூச்சு வேலைக்கு மட்டும் புதிய வாழ்வு கிடைத்தது.

அந்தப் பேட்டரிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜான் குட்இனஃப் கதையும் உங்களுக்குப் பக்கத்தில் வருகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் 24 வருடங்கள், கணினி நினைவகத்துக்கான காந்தப் பொருட்களை, அதாவது உலோக ஆக்சைடுகளை, ஆராய்ந்தவர். 1976இல், 54 வயதில், ஆக்ஸ்ஃபோர்டுக்கு வேதியியல் ஆய்வுக்கூடத் தலைவராகப் போனார். படித்தது இயற்பியல். 1980இல் அவருடைய குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடை பேட்டரியின் நேர்மின் முனையாகப் பயன்படுத்திக் காட்டியது. ஆக்சைடுகளுக்குள் அணுக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்ற பழைய அறிவுதான் அங்கே கைகொடுத்தது. 2019இல், 97 வயதில், நோபல் பரிசு. அவர் மேதை, நான் ஷிப்ட் பார்க்கிற ஆள் என்று நீங்கள் சொல்லலாம். பரிசை விடுங்கள். 54 வயதில் துறை மாறியவர் எதை விட்டுவிட்டுப் போனார், எதைக் கையோடு கொண்டுபோனார் என்பதை மட்டும் பாருங்கள்.

சரி, இப்போது டேட்டா சயின்ஸ் படிப்புக்கு வருவோம்.

அந்தத் துறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கி, 11 மாதம் செலவழித்து, உங்கள் அனுபவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்தில் கடைசி வரிசையில் போய் நிற்பது சரியான வழி இல்லை. வேலை உறுதி என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். வேலை வாங்கித் தருவதாக எழுதியிருக்கிறதா, வேலை தேட உதவுவதாக எழுதியிருக்கிறதா? இரண்டும் வேறு. வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, அதற்கு என்னென்ன நிபந்தனை? வயது வரம்பு ஏதாவது அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறதா? முந்தைய வகுப்பில் படித்தவர்களில் 45 வயதைத் தாண்டிய இரண்டு பேரோடு பேச வேண்டும், தொடர்பு கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே முடிந்தது.

கணினிப் பக்கம் ஆர்வம் இருந்தால் அதற்கும் உங்கள் வாசல் வழியாகவே போகலாம். இப்போது பல தொழிற்சாலைகளில் கேமரா வைத்துப் பாகங்களைச் சோதிக்கிறார்கள். கீறல் எது, பிசிறு எது, வெறும் எண்ணெய்க் கறை எது என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கான படங்களில் யாராவது ஒருவர் சரியாகக் குறித்துத் தர வேண்டும். நிரல் எழுதுபவருக்கு அது தெரியாது. ஒரே படத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகக் குறித்தால் இயந்திரமும் குழம்பிப்போகும். அளவிடுபவர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்க்க நீங்கள் எம்.எஸ்.ஏ ஆய்வு செய்திருப்பீர்கள் இல்லையா, அதே சிக்கல்தான் இது. இந்த வேலைக்கு எக்செல்லுக்கு மேலே தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல் கொஞ்சம், நிரல் எழுதும் பைத்தான் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். மாலை நேரங்களில் படிக்கலாம், கடன் வேண்டாம்.

இன்னொரு வாசலும் திறக்கிறது. ஐரோப்பியச் சந்தையில் விற்கும் மின்வாகன பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி 18 முதல் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே தயாரானது, கார்பன் கணக்கு என்ன என்று ஒவ்வொரு பேட்டரிக்கும் பதிவு வேண்டும். ஒரு பாகத்தின் எண்ணை வைத்து அது எந்த ஷிப்டில், எந்த இயந்திரத்தில், எந்தக் கச்சாப்பொருளில் தயாரானது என்று பின்னோக்கிப் போகத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் புகார் வந்தபோதெல்லாம் நீங்கள் செய்தது அதுதான்.

ஆனால் இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். பேட்டரி செல், பேட்டரி பேக், மின்மோட்டார், பவர் எலெக்ட்ரானிக்ஸ், கேமரா சோதனை, இந்த ஐந்திலும் தரப் பிரிவுக்கு ஆள் கேட்டு வரும் விளம்பரங்களில் 30 சேருங்கள். விண்ணப்பிக்க வேண்டாம், படிக்க மட்டும். காகிதத்தில் அச்செடுத்து, செய்து பழகிய ஒவ்வொரு வரியையும் பச்சையிலும், தெரியாததைச் சிவப்பிலும் கோடிடுங்கள். எஃப்.எம்.இ.ஏ (எங்கே பழுது வரலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), 8டி (புகாரின் காரணத்தைப் படிப்படியாகத் தேடித் தீர்ப்பது), எஸ்.பி.சி (புள்ளியியல் மூலம் உற்பத்தியைக் கண்காணிப்பது), ஐ.ஏ.டி.எஃப் 16949 (வாகனத் துறைக்கான தரநிலை) எல்லாம் பச்சையாகும். வண்டி எதில் ஓடினாலும் அதன் பாகங்களுக்கு இவைதான் அடிப்படை. சிவப்பில் டியூ பாயின்ட், ஃபார்மேஷன், ஓ.சி.வி என்று புதுச் சொற்கள் நிற்கும். அவற்றைப் பார்த்து மிரள வேண்டாம். செல் தயாராகும் அறையில் ஈரம் இருக்கக் கூடாது என்பதற்காகக் காற்றை மைனஸ் 40 டிகிரி பனிநிலை வரைக்கும் உலர்த்துகிறார்கள், அதுதான் டியூ பாயின்ட் பேச்சு. செல்லுக்கு முதன்முதலாக மெதுவாக மின்னேற்றுவது ஃபார்மேஷன். பிறகு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் வைத்திருந்து, மின்னழுத்தம் தானாக இறங்குகிறதா என்று ஓ.சி.வி, அதாவது எதோடும் இணைக்காத நிலையில் செல்லின் மின்னழுத்தம், அளந்து பார்ப்பார்கள். இறங்கினால் உள்ளே எங்கோ கசிவு. பார்த்தீர்களா, ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு பரிசோதனைதான்.

30 விளம்பரங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சிவப்புச் சொற்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் அதையே படியுங்கள். எல்லாவற்றையும் படிக்கப் போனால் எதுவும் நிற்காது. படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நமக்குப் பள்ளியில் பழக்கமான முறைதான், 46 வயதிலும் பலன் தருகிறது. கூடவே உயர் மின்னழுத்தப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றையும் முடித்துவிடுங்கள். வாகனங்களில் 60 வோல்ட் நேர்மின்னோட்டத்தைத் தாண்டினாலே ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். கார் பேட்டரிகளோ பெரும்பாலும் 400 வோல்ட், சில வண்டிகளில் 800. ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் கை தானாக நிற்க வேண்டும். சில நாள் பயிற்சிதான், ஆனால் துறைக்குள் காலடி வைக்க நீங்கள் தயார் என்று அது காட்டும்.

அடுத்தது ஆட்களைப் பார்ப்பது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். நெருங்கிய நண்பர்களிடம் சொல்லி வைப்பார்கள். அவர்களும் நம்மைப் போலவே அதே தொழிற்சாலையில், அதே வதந்தியைக் கேட்டுக்கொண்டு இருப்பவர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100க்கு 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56 பேர். அபூர்வமாக என்றவர்கள் 28 பேர். தூரத்துப் பழக்கம்தான் நமக்குத் தெரியாத செய்தியைக் கொண்டுவருகிறது.

உங்கள் வேலையில் அப்படிப்பட்டவர்கள் நிறைய பேர் உண்டு. மைக்ரோமீட்டர், கேஜ் போன்ற அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று கேலிப்ரேஷன் செய்ய வருகிறாரே, அவரை நினைத்துப் பாருங்கள். அவர் மாதம் இருபது தொழிற்சாலைக்குள் போய் வருகிறார். எங்கே புதிய லைன் போடுகிறார்கள், எங்கே அளவுக் கருவி வாங்கிக் குவிக்கிறார்கள் என்பது மனிதவளத் துறைக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். வெளித்தணிக்கைக்கு வருபவர், அளவிடும் இயந்திரம் விற்க வருபவர், பத்து வருடத்துக்கு முன்னால் விலகிப் போன பழைய சகா, இப்படி 15 பேர் பட்டியல் போடுங்கள். வேலை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இல்லை என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: "23 வருடமாக நாசில் தரப் பிரிவில் இருக்கிறேன். பேட்டரி செல் பக்கம் தரச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த லைனில் இருக்கும் யாராவது ஒருவரோடு 20 நிமிடம் பேச ஏற்பாடு செய்ய முடியுமா?" அந்த 20 நிமிடத்தில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: உங்கள் லைனில் எந்த இடத்தில் ரிஜெக்ட் அதிகம்? தொழிற்சாலைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு மனம்விட்டுப் பேசுவார்கள். அவர் சொல்கிற பதிலில் உங்களுக்கான இடம் தெரியும்.

இதைச் சொல்லும்போது என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 17 வருடங்கள் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருந்தேன். 43 வயதில் நான் இருந்த யூனிட்டை மூடினார்கள். முதல் தடவையாக மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். நான்கு பக்கத்துக்குப் பயோடேட்டா. எதிரில் இருந்தவர் கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு. வந்து சேர்ந்தா முதல் மூணு மாசத்துல எங்களுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் என்னவெல்லாமாக இருந்தேன் என்பதை எழுதியிருந்தேனே தவிர, அவருக்கு என்ன செய்ய முடியும் என்று யோசித்திருக்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பக்கத்தில் புதிதாக எழுதினேன்.

உங்கள் பயோடேட்டாவில் "தரக்கட்டுப்பாட்டில் 23 வருட அனுபவம்" என்ற வரி முதலில் வர வேண்டாம். இது வரட்டும்: "மைக்ரான் அளவில் இயந்திரமயமாக்கும் பாகத்தில் வாடிக்கையாளரிடமிருந்து தொடர்ந்து திரும்பிய பழுதுக்கு, பிசிறு உருவாகும் இடத்தைக் கண்டறிந்து, கருவி மாற்றும் இடைவெளியைத் திருத்தி நிறுத்தினேன்." எத்தனை பாகங்கள் திரும்பின, எத்தனை வாரத்தில் நின்றது என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணையும் சேருங்கள். தகட்டைக் கீறும் கத்தியை எப்போது மாற்றுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் ஒரு பேட்டரி தொழிற்சாலை மேலாளர் அந்த வரியில் நிற்பார். நாசிலின் ஊசிக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளியைக் காப்பாற்றிய ஆள் என்று அவருக்குப் புரியும்.

அப்புறம் அந்தக் கூச்சம். அதைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை. பிரிவே எழுந்து நின்று வணக்கம் சொன்ன இடத்திலிருந்து, பெயர்கூடத் தெரியாத இடத்துக்குப் போவது வலிக்கத்தான் செய்யும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி, பிளாஸ்டிக் உறைகளில் அச்சடிக்கும் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தவர். 49 வயதில் பேட்டரித் தகட்டுக்குப் பூச்சு போடும் பிரிவில் சேர்ந்தார். பதவி ஒரு படி குறைவு, முதல் வருடம் சம்பளமும் குறைவு. முதல் மாதம் முழுக்க இளம் பொறியாளர்கள் கலவையின் பாகுத்தன்மை பற்றி வரைபடம் போட்டு விளக்குவார்களாம். இவர் நோட்டில் எழுதிக்கொண்டு, மாலையில் அவர்களில் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "தம்பி, இதை எனக்கு இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்பாராம். ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த தகட்டில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. கலவையில் தவறா, உலர்த்தும் சூட்டில் தவறா என்று எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் தகட்டின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். சுருக்கம் நேராக இல்லாமல் சாய்வாக ஓடியது. உறை அச்சடிக்கும்போது ஆயிரம் தடவை பார்த்த சாய்வு அது. "உருளை ஒண்ணு இணையா இல்ல, அதைப் பாருங்க" என்றார். பார்த்தார்கள், அதுதான். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் இவரை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு சந்தேகத்தோடு வர ஆரம்பித்தார்கள். அதற்காக அவர் பாடம் கேட்பதை நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் போய் வந்தது.

இவ்வளவும் சொன்னதால் புதுத் துறை என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். துறை வளரும், அதிலுள்ள ஒரு நிறுவனம் விழும். ஸ்வீடனில் 2016இல் தொடங்கி, பல நூறு கோடி டாலர் முதலீட்டோடு ஐரோப்பாவின் நம்பிக்கை என்று பேசப்பட்ட நார்த்வோல்ட் பேட்டரி நிறுவனம், உற்பத்தியைத் திட்டமிட்ட வேகத்தில் பெருக்க முடியாமல் 2025 மார்ச்சில் திவாலானது. அதற்கு முந்தைய வருடம்தான், 2024இல், உலகில் விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் மின்சாரக் கார்கள், 1.7 கோடிக்கும் அதிகம். அதனால் நேர்முகத்துக்குப் போகும் இடத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள். பொருளை வாங்கப்போகும் வாடிக்கையாளர் யார், எத்தனை வருட ஆர்டர் கையில் இருக்கிறது, லைன் இப்போது ஓடுகிறதா அல்லது இனிமேல்தான் வரப்போகிறதா? ஓடாத லைனுக்கு ஆள் எடுக்கும் இடத்தில், இந்த வயதில், வீட்டுக் கடனோடு சேர நான் சொல்லமாட்டேன்.

அதே போல, நாசிலும் நாளைக்கே மறைந்துவிடாது. கனரக வாகனம், ஜெனரேட்டர், கப்பல் எல்லாம் இன்னும் பல காலம் டீசலில் ஓடும். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஆனால் அதைக் காத்திருப்பதில் செலவழிக்கக் கூடாது. வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள். விருப்ப ஓய்வு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு முன்னால் அவசரப்பட்டு ராஜினாமா செய்ய வேண்டாம், வர வேண்டிய தொகை போய்விடும். அந்தத் தொகை கைக்கு வந்தால் முதலில் ஒரு வருட வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் தனியாக எடுத்து வையுங்கள். மொத்தமாகப் பணம் வந்த வீட்டில் தொழில் யோசனையோடு உறவினர்கள் வருவார்கள். ஆறு மாதம் யாருக்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் நீங்கள் தனியாகச் செய்ய முடியாது. ஷிப்ட் குறைந்ததை உங்கள் மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். பயமுறுத்துகிற மாதிரி இல்லாமல், கையில் இரண்டு கணக்கோடு உட்காருங்கள். மாதம் எவ்வளவு இருந்தால் வீடு நிற்கும் என்பது ஒன்று, இப்போதைய சேமிப்பில் எத்தனை மாதம் ஓடும் என்பது இன்னொன்று. முதல் கணக்கை அவரே போடட்டும், வீட்டுச் செலவு உங்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கலாம். அந்தத் தொகைதான் புது வேலையில் நீங்கள் ஏற்கக்கூடிய குறைந்தபட்சச் சம்பளம். அது தெரிந்துவிட்டால், முதல் வருடம் சம்பளம் குறைகிறதே என்ற பேச்சு உங்கள் இருவருக்குள்ளும் சண்டையாகாது. மகளிடமும் சொல்லுங்கள். விளம்பரங்களைத் தேடி எடுத்து அச்செடுத்துத் தர அவரைவிட வேகமான ஆள் வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள்?

30 விளம்பரங்களிலும் கோடிட்டு முடித்ததும், பச்சை எத்தனை வரி, சிவப்பு எத்தனை வரி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அதிகம் வந்த மூன்று சிவப்புச் சொற்களையும் கூடவே எழுதுங்கள். அவற்றை எங்கே, எந்த வரிசையில் படிக்கலாம் என்று அடுத்த கடிதத்தில் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்